அந்த ஒரு யூனிட் எங்கே போச்சு?

“நாற்பத்து மூணு வயசுல வேலைக்கு மனுப் போடறியா? அதுவும் கரெண்ட் கம்பெனிக்கா?”

எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கேலி பண்ணவில்லை. நிஜமான கவலையோடுதான் கேட்டார். அந்தக் கவலை எனக்கும் இல்லாமலில்லை. படித்தது பி.காம். கடைசியாகச் சம்பளம் வாங்கியது 2008-ல். அதற்கப்புறம் பதினேழு வருஷம் வீடு, பிள்ளைகள், கடை. இப்படிப்பட்டவள், சூரிய மின்சாரம், காற்றாலை என்று கோடிக்கணக்கில் திட்டம் போடுகிற கம்பெனியில் ‘புராஜெக்ட் அனலிஸ்ட்’ வேலைக்கு மனுப் போடுகிறாள் என்றால் யாருக்குத்தான் கவலை வராது?

ஆனாலும் போட்டேன். முதல் மனு குப்பைக்குப் போயிற்று. இரண்டாவது மனு இண்டர்வியூ வரை கூட்டிக்கொண்டு போயிற்று. இரண்டுக்கும் நடுவே நான் கற்றுக் கொண்டதைச் சொன்னால், பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு அடுப்படியில் நிற்கும் சகோதரிகள் யாருக்காவது பிரயோசனப்படும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மலைக்கு மேற்கே எங்கள் வீடு

நாங்கள் இருப்பது அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் கிரிவலம் வந்தவர்களுக்குத் தெரியாமலிருக்காது. 14 கிலோமீட்டர் சுற்றில் பாதிக்கு மேல் நடந்து, கால் கெஞ்ச ஆரம்பிக்கிற இடத்தில் ஆதி அருணாசலேசுவரர் கோவில் வரும். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பார்கள். மலைக்கு மேற்குப் பக்கமாக எங்கள் ஊர். அதனால் டவுனில் வெயில் ஏறிய பிறகுதான் எங்கள் தெருவுக்கு வெயில் வரும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் மலைக்கு நேர் பின்னாலிருந்து மெள்ள எட்டிப் பார்க்கிறதற்குள் நான் வாசல் வேலையை முடித்து, பாலும் காய்ச்சிவிடுவேன். இந்தத் தாமதத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

கிரிவலப் பாதையில் எங்களுக்கு ஒரு சிறிய பலசரக்குக் கடை உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நல்ல வியாபாரம். போன வருஷம் அவருக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆயிற்று. “இனிமேல் மூட்டை தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கவும் கூடாது” என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடை பாதி நாள்தான் திறந்திருக்கும் என்றாயிற்று. பெரியவள் பிளஸ் டூ. சின்னவன் எட்டாவது. கணக்கு நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எந்தப் பக்கம் கூட்டினாலும் அடுத்த வருஷம் காலேஜ் பீஸ் வரவில்லை.

அப்போது பெரியவள்தான் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். “அம்மா, பாரேன். சோலார் கம்பெனி. எஞ்சினீயரிங் இல்லேன்னாலும் பரவாயில்லையாம். காமர்ஸ் படிச்சவங்களும் போடலாமாம். எக்ஸெல் தெரியணும். நீதான் கடைக் கணக்கையே அதுல போடறியே!”

அது என்ன வேலை?

பெயரைக் கேட்டதும் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்துப் பார்த்தபோது, விஷயம் நமக்குப் பழக்கமானதுதான் என்று தெரிந்தது.

ஓரிடத்தில் சூரிய மின் நிலையமோ காற்றாலையோ போட வேண்டுமானால், பணத்தைக் கொட்டுவதற்கு முன் யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் வரும்? யூனிட் என்ன விலைக்குப் போகும்? நிலக் குத்தகை எவ்வளவு, பாங்க் கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு? பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இன்வெர்ட்டரை மாற்ற வேண்டி வருமே, அதற்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறதா? பேனல் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி குறையுமே, அதைக் கழித்தாயிற்றா? இதையெல்லாம் இருபத்தைந்து வருஷத்துக்குக் கட்டம் கட்டமாகப் போட்டு, ‘இது தேறும்’, ‘இது தேறாது’ என்று சொல்வதுதான் வேலை. நிலையம் ஓட ஆரம்பித்த பிறகு, சொன்ன கணக்கும் வந்த கணக்கும் ஒத்துப் போகிறதா என்று மாதா மாதம் பார்ப்பதும் இதில் சேர்த்தி.

மகள் கல்யாணத்துக்குப் பத்து வருஷம் முன்பே சீட்டுப் போட ஆரம்பிக்கிற நமக்கு இந்தக் கணக்கு புதுசா என்ன?

இந்தத் துறையும் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1986-லேயே தூத்துக்குடியில் காற்றாலைகள் நட்டார்கள். அப்போது ஒரு காற்றாலையின் திறன் 55 கிலோவாட்தான். பிறகு கன்னியாகுமரிப் பக்கம் முப்பந்தலில் காடு போலக் காற்றாலைகள் வந்தன. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. காற்றைப் பற்றி ஆராயும் தேசிய காற்று சக்தி நிறுவனம் சென்னை பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. 2024-ல் தமிழக அரசு இதற்கென்றே பசுமை எரிசக்திக் கழகம் என்று தனியாக ஒன்றை ஏற்படுத்தியது. ஆக, வேலை இருக்கிறது. பெண்கள்தான் குறைவு. சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2019-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகத்தில் இந்தத் துறையில் வேலை செய்பவர்களில் நூற்றுக்கு 32 பேர் பெண்கள். எண்ணெய், எரிவாயுத் துறையில் 22 பேர்தானாம். அந்த மட்டில் இது தேவலை என்று தோன்றியது.

முதல் மனு

அவசரத்தில் முதல் மனுவை எழுதினேன். 2003-ல் ஆடிட்டர் ஆபீசுக்கு எப்படி எழுதினேனோ அப்படியே! தகப்பனார் பெயர், பிறந்த தேதி, தெரிந்த பாஷைகள், பொழுதுபோக்கு, ‘மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதி கூறுகிறேன்’ எல்லாம் சேர்த்து மூன்று பக்கம். நடுவில் இருந்த பதினேழு வருஷத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை. அந்த இடத்தை வெள்ளையாக விட்டுவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று ஒரு அசட்டு நம்பிக்கை.

கவனித்தார்கள். ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். இரண்டே கேள்விதான். “2008-க்கு அப்புறம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“வீட்ல இருந்தேங்க.”

“சோலார்ல ஏதாவது அனுபவம்?”

“இல்லீங்க.”

“ஓகே, நாங்க சொல்றோம்.” அதற்குப் பிறகு சொல்லவே இல்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவர்தான் சொன்னார், “ஏன் இல்லேன்னு சொன்ன? ஒரு வருஷமா தினம் சாயங்காலம் மாடிப்படி ஏறி எழுதிட்டு வரியே, அது என்னாவாம்?”

எனக்குச் சட்டென்று உறைத்தது. அந்த நோட்டு!

மொட்டை மாடிக் கணக்கு

2024 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். சூர்ய கர் என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. வீட்டு மாடியில் சோலார் போட்டால், ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் போனால் 78,000 ரூபாய் மானியம். அந்த ஆகஸ்டில் நாங்கள் மூன்று கிலோவாட் போட்டோம். கடையில் பிரிட்ஜ் இருக்கிறது, வீட்டில் மாவு மெஷின் இருக்கிறது, பில் தாங்கவில்லை.

போட்டுக் கொடுத்தவர் போகும்போது ஒரு வார்த்தை சொன்னார். “கிலோவாட்டுக்கு நாலு யூனிட் கணக்கு வச்சுக்கோங்கம்மா. மூணுக்குப் பன்னெண்டு. தினம் பன்னெண்டு யூனிட் வரும்.”

சொன்னால் சரி என்று விட்டுவிடுகிற புத்தி எனக்குக் கிடையாது. பால்காரர் ஒரு லிட்டர் என்றால் அளந்து பார்க்கிறவள் நான். அவர் போன மறுநாளே ஒரு நோட்டுப் போட்டேன். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு ரீடிங். பக்கத்தில் அன்றைக்கு மேகமா, மழையா, கரெண்ட் போயிற்றா, பேனல் கழுவினேனா என்று ஒரு குறிப்பு. கார்த்திகை மாதத்து மழையில் நாலு யூனிட் வந்த நாளும் உண்டு. பங்குனி வெயிலில் பதினாலு வந்த நாளும் உண்டு.

ஒரு வருஷம் முடிந்து கூட்டினேன். 4,380 வந்திருக்க வேண்டும். வந்தது 4,015. ஆக 365 யூனிட் துண்டு விழுந்திருந்தது. அதாவது நாளொன்றுக்குப் பன்னிரண்டுக்குப் பதில் பதினொன்று. அந்த ஒரு யூனிட் எங்கே போச்சு?

சர்க்கரை டப்பாவில் சர்க்கரை குறைந்தால் விடுவோமா? தேட ஆரம்பித்தேன்.

முதல் திருடன் மின்வெட்டு. பராமரிப்புக்காகப் பகலில் லைனை நிறுத்துகிற நாட்களில், மாடியில் வெயில் கொளுத்தினாலும் சோலார் வேலை செய்யாது. முதல் தடவை அப்படி ஆனபோது அவருக்கு ஒரே கோபம். “நம்ம மாடியில நாமளே கரெண்ட் தயாரிக்கிறோம், ஃபேன் ஓடலேன்னா என்ன அர்த்தம்?” பிறகு விசாரித்துத் தெரிந்து கொண்டோம். லைனில் ஆள் ஏறி வேலை செய்யும்போது நம் வீட்டிலிருந்து கரெண்ட் போனால் அவர் உயிருக்கு ஆபத்து. அதனால் லைன் நின்றதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். பாட்டரி வைத்திருந்தால்தான் வீட்டுக்கு மட்டும் ஓடும். நோட்டில் குறித்து வைத்திருந்த நேரங்களைக் கூட்டிப் பார்த்ததில், இதில் போனது சுமார் 110 யூனிட்.

இரண்டாவது திருடன் தூசி. மாசி, பங்குனியில் கிரிவலப் பாதைத் தூசி முழுவதும் எங்கள் மாடியில்தான். கழுவுவதற்கு முந்தின நாளையும் கழுவின மறுநாளையும் ஒப்பிட்டால் ஒரு யூனிட் வரை வித்தியாசம். வருஷத்துக்கு 120 என்று வைத்தேன்.

மூன்றாவது... அருணாசலேசுவரரே! மலை நிழல். போனில் வரும் வரைபடத்தில், டவுனில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுப் பேனல் வேலையை ஆரம்பித்து அரை மணிக்கு மேலான பிறகுதான் எங்களுடையது தலை தூக்கும். ஆனால் காலை வெயிலில் சக்தி குறைவு என்பதால் நஷ்டம் பெரிதில்லை. வருஷத்துக்கு 50 யூனிட் இருக்கலாம்.

மூன்றும் சேர்ந்து 280. பாக்கி 85 யூனிட்டுக்கு எனக்குக் கணக்குத் தெரியவில்லை. ‘தெரியவில்லை’ என்றே நோட்டில் எழுதி வைத்தேன்.

ஓடந்துறையில் படித்த பாடம்

இரண்டாவது மனுவுக்கு முன் ஒரு மாதம் படித்தேன். காசு செலவில்லை. அரசாங்கத்தின் ஸ்வயம், என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம். உலக வங்கியின் சூரிய வரைபடம் இலவசம். அதில் எந்த ஊரைத் தொட்டாலும் அங்கே எத்தனை யூனிட் எதிர்பார்க்கலாம் என்று காட்டும். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண உத்தரவுகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கடை மூடிய பிறகு ராத்திரி ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை எனக்குப் பள்ளிக்கூடம்.

புத்தகக் கணக்கு மண்டையில் ஏறவில்லை. நிஜமான ஒரு திட்டத்தை எடுத்துக் கொண்டு போட்டுப் பார்த்தபோதுதான் ஏறியது. அது மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறைப் பஞ்சாயத்து. தங்கள் மின்சாரச் செலவைச் சமாளிக்க 2006-ல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். விலை 1 கோடியே 55 லட்சம். பஞ்சாயத்துச் சேமிப்பு 40 லட்சம் போக, 1 கோடியே 15 லட்சம் பாங்க் கடன். வருஷத்துக்கு ஏறக்குறைய 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊருக்குத் தேவை 4.5 லட்சம். மிச்சம் 2.25 லட்சம் யூனிட் மின் வாரியத்துக்குப் போயிற்று.

இதை நான் எக்ஸெலில் போட்டேன். 350 கிலோவாட் காற்றாலை ஒரு வருஷத்தின் 8,760 மணி நேரமும் முழு வேகத்தில் சுற்றினால் 30.66 லட்சம் யூனிட் வர வேண்டும். வந்தது 6.75 லட்சம். நூற்றுக்கு 22. காற்று எப்போதும் வீசுமா என்ன? இந்த 22-ஐத்தான் இவர்கள் ‘கெபாசிட்டி யூடிலைசேஷன்’ என்கிறார்கள். பெயர் நீளமே தவிர, விஷயம் சாதாரணம். பத்துப் படி அரிசி வேகிற அண்டா வைத்திருக்கிறோம் என்பது வேறு, வருஷம் முழுக்க அதில் எத்தனை படி பொங்கினோம் என்பது வேறு.

இது புரிந்த பிறகு பேப்பர் படிப்பதே மாறிப் போயிற்று. 2025 நடுவில், நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதிக்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு வேண்டாம் என்ற நிலை வந்துவிட்டது. 2030-க்குள் எட்ட வேண்டும் என்று வைத்த இலக்கு. நல்ல செய்திதான். ஆனால் அது திறனில் பாதி. நம் வீட்டுக்கு வருகிற யூனிட்டுகளில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அண்டாவையும் சோற்றையும் குழப்பிக் கொள்ளக் கூடாது.

இரண்டாவது மனு

இந்தத் தடவை ஒரே பக்கம். வேறொரு கம்பெனி. மேலே என்ன எழுதினேன் தெரியுமா? ‘என் வீட்டு மாடியில் உள்ள 3 கிலோவாட் சோலாரின் உற்பத்தியை 365 நாளும் பதிவு செய்திருக்கிறேன். எதிர்பார்த்ததைவிட 365 யூனிட் குறைந்தது. அதில் 280 யூனிட்டுக்குக் காரணம் கண்டுபிடித்தேன். அட்டவணை இணைத்திருக்கிறேன்.’

அதற்குக் கீழே, ‘2008 முதல் 2025 வரை குடும்பப் பொறுப்பு காரணமாக வெளி வேலைக்குச் செல்லவில்லை. இக்காலத்தில் எங்கள் கடையின் வரவு செலவு, கொள்முதல், ஜி.எஸ்.டி. கணக்குகளை நானே பார்த்து வந்தேன்’ என்று இரண்டு வரி. மன்னிப்புக் கேட்கிற தோரணையில் எழுதவில்லை. நடந்ததை எழுதினேன். கடைசியில், ஓடந்துறைக் கணக்கையும் ஒரு தாளில் போட்டு வைத்தேன்.

பத்தாம் நாள் ஒரு எக்ஸெல் தாள் வந்தது. ‘ஒரு மெகாவாட் சோலார். கொடுத்துள்ள விவரங்களை வைத்து, கடனைக் கட்ட முடியுமா என்று சொல்லவும். இரண்டு நாள் அவகாசம்.’

ராத்திரி பதினொன்று வரை கணக்குப் போட்டேன். பாங்கில் முக்கியமாகப் பார்ப்பது ஒன்று: செலவெல்லாம் போகக் கையில் நிற்கிற பணம் அந்த வருஷத் தவணையைப் போல் எத்தனை மடங்கு என்று. சரியாக ஒரு மடங்கு இருந்தால் போதாது. மழை கூடுதலாகப் பெய்த வருஷம் என்ன செய்வது? ஒன்றே கால் மடங்காவது இருந்தால் நிம்மதி. என் தாளில் ஒன்றரை வந்தது. பிரமாதம்! அனுப்பிவிடலாம் என்று எழுந்தேன்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். அவர்கள் கொடுத்திருந்த வருஷ உற்பத்தி 19.27 லட்சம் யூனிட். நூற்றுக்கு 22. காற்றாலைக்குச் சரி, சோலாருக்கா? என் மாடியில் கிலோவாட்டுக்கு 1,338 யூனிட்தானே வந்தது? கணக்குப் போட்டால் நூற்றுக்கு 15 சொச்சம். வெட்டவெளியில், சரியான சாய்வில் வைத்தால் கூடும் என்றாலும் இவ்வளவு கூடுமா?

விடிகிற வரை தூக்கமில்லை. தப்பு என்று எழுதினால், ‘நேற்று வந்த இவள் நமக்குச் சொல்வதா’ என்று நினைப்பார்களோ? எழுதாமல் விட்டால் வேலை கிடைத்துவிடுமோ? காலேஜ் பீஸ் கண் முன்னால் வந்து நின்றது. காலையில் எழுந்து மறுபடி பாடத்தைப் புரட்டினேன். அப்போதுதான் ஒரு சங்கதி புரிந்தது. ஒரு மெகாவாட் என்பது இரண்டு விதம். மாடியிலோ நிலத்திலோ வைக்கிற பேனல்களின் திறன் ஒன்று. இன்வெர்ட்டர் வழியாக லைனுக்குப் போகிற திறன் இன்னொன்று. பெரிய நிலையங்களில் ஒரு மெகாவாட் லைனுக்குப் போக, 1.3, 1.4 மெகாவாட் அளவுக்குப் பேனல் போடுவது வழக்கம். அப்படிப் போட்டிருந்தால் 22 வரலாம். ஆனால் அப்போது பேனல் செலவும் கூட வேண்டும். தாளில் செலவு ஒரு மெகாவாட் பேனலுக்குத்தான் இருந்தது!

இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு அனுப்பினேன். முதல் கணக்கில் தவணை இழுபறி. இரண்டாவதில் சமாளிக்கலாம். கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘தாங்கள் சொல்லும் ஒரு மெகாவாட் எது என்று தெரியாமல், கடனைக் கட்ட முடியும் என்று என்னால் சொல்ல இயலாது.’

இண்டர்வியூ

சென்னைக்கு வரச் சொன்னார்கள். விடியற்காலை பஸ். ஐந்து மணி நேரம். பெரியவள் தன் கைப்பையைக் கொடுத்தனுப்பினாள்.

உள்ளே மூன்று பேர். அதில் ஒரு பெண், என் மகளைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். அவள்தான் கேள்விகளை ஆரம்பித்தாள். “மேடம், அந்த 85 யூனிட் என்ன ஆச்சு?”

“தெரியலைங்க” என்றேன். “உஷ்ணத்துல பேனலோட சக்தி குறையும்னு படிச்சேன். ஆனா என்கிட்ட அதை அளக்க ஒண்ணும் இல்லை. அளக்காம சொல்லக் கூடாதுன்னு விட்டுட்டேன்.”

நடுவில் இருந்தவர் சிரித்தார். “நாலு யூனிட்ங்கறது பல வருஷ சராசரிம்மா. ஒரு வருஷம் மேகம் கூட இருக்கும், ஒரு வருஷம் குறையும். அதுக்காகத்தான் நாங்க ரெண்டு நம்பர் வச்சிருப்போம். பாதி வருஷம் வரக்கூடியது ஒண்ணு. பத்து வருஷத்துல ஒம்பது வருஷமாவது நிச்சயமா தாண்டக்கூடியது ஒண்ணு. பாங்க்காரர் ரெண்டாவதைத்தான் கேப்பார்.”

மானாவாரி நிலம் வைத்திருக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இது புரியாதா? நல்ல மழை வருஷத்தை வைத்து யாராவது கடன் வாங்குவார்களா?

“தாள்ல இருந்த தப்பு நாங்க வேணும்னே வச்சதுதான்” என்றாள் அந்தப் பெண். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மூன்றாவது ஆள், “சைட்டுக்குப் போகணும். வெயில், தூசி, சில இடத்துல பாத்ரூம் கூட இருக்காது. முடியுமா?” என்றார். முடியும் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். “மாசம் ரெண்டு தடவை முடியும். ராத்திரி தங்கணும்னா முன்னாடியே சொல்லணும். பாத்ரூமுக்கு நீங்க ஏற்பாடு பண்ணணும்” என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக் கொண்டேன். அந்தப் பெண் மட்டும் அதைத் தன் தாளில் எழுதிக் கொண்டதைப் பார்த்தேன்.

மனுப் போடப் போகிறவர்களுக்கு

• பிழைப்புக்கு வெளியே போகாத வருஷங்களை மறைக்காதீர்கள். இரண்டு வரியில், தேதியோடு, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கேட்கும் கேள்விக்கு மனுவிலேயே பதில் இருந்து விட்டால் பாதி பயம் போய்விடும்.

• ‘கற்றுக் கொள்ளும் ஆர்வம் உண்டு’ என்று எழுதுவதைவிட, கற்றுக் கொண்ட ஒரு கணக்கைப் போட்டு இணையுங்கள். மாடியில் சோலார் இல்லாதவர்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்கோ பஞ்சாயத்துக்கோ கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

• கிலோவாட் என்பது திறன். யூனிட் என்பது கிடைத்த மின்சாரம். இந்த வித்தியாசம் தூக்கத்தில் கேட்டாலும் தெரிய வேண்டும்.

• எக்ஸெல் நன்றாக வர வேண்டும். வட்டி, தவணை, வருஷா வருஷம் குறையும் உற்பத்தி இவற்றைப் போடப் பழகினால் ஆரம்பத்துக்குப் போதும்.

• கொடுத்த எண்ணை அப்படியே நம்பிக் கூட்டாதீர்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுங்கள். உற்பத்தியைக் கூட்டிக் காட்டினால் அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் தவணை கட்ட முடியாமல் திண்டாடுவது எங்கோ ஒரு பஞ்சாயத்தாகவோ நம்மைப் போல ஒரு குடும்பமாகவோ இருக்கும்.

• வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வீட்டில்

ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. வாரத்தில் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. மாதம் இரண்டு தடவை வெளியூர். இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது. ஆறு மாதம் கழித்து என்ன ஆகும் என்று தெரியாது. பெரியவளுடைய முதல் டெர்ம் பீசுக்கு வழி பிறந்திருக்கிறது. காலையில் கடையைச் சின்னவன் திறக்கிறான். சமையலில் அவர் இப்போது ரசம் வரை வந்திருக்கிறார்.

அத்தைக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. எழுபத்தாறு வயது. சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். கமுதியில் 2,500 ஏக்கரில் பேனல் என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “அம்மாடி, அவ்ளோ எடத்துல கண்ணாடியப் பரப்பிட்டா அங்க மேஞ்ச ஆடு மாடெல்லாம் எங்க போகும்?” என்றார்.

என் தாளில் நிலத்துக்குக் குத்தகை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்த நிலத்தில் மேய்த்தவர்களுக்கு ஒரு கட்டமும் இல்லை. அடுத்த திட்டக் கூட்டத்தில் கேட்கிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். “கேளு, கேட்டுட்டு வந்து சொல்லு” என்றார்.

மணி ஆறாகப் போகிறது. மாடிக்குப் போய் ரீடிங் எடுக்க வேண்டும். அந்த 85 யூனிட்டை நான் இன்னும் விடவில்லை.